இருபத்திரண்டு எபிசோடுகளும் ஒரு தொலைந்த முகவரியும்

சிறு வணிகர்கள் தங்கள் கணக்குகளைப் பேணுவதற்கான மென்பொருளை விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் சந்தைப்படுத்தல் பொறுப்பில் இருக்கிறேன். 2022 இறுதியில் நாங்கள் ஒரு பாட்காஸ்ட், அதாவது கைப்பேசிச் செயலிகளில் கேட்கும் ஒலித்தொடர், தொடங்கினோம். பதினான்கு மாதங்களில் 22 எபிசோடுகளை வெளியிட்டோம். அதன் பின், ஒரே வாரத்தில், அந்த நிகழ்ச்சி எல்லாச் செயலிகளிலிருந்தும் மறைந்துபோனது. எங்கள் ஓர் ஆண்டு விளம்பரத் தொகையில் மூன்றில் ஒரு பங்கும், கூட்டிப் பார்த்தால் என் வேலை நேரத்தில் ஏறத்தாழ நான்கு மாதங்களும் அதில் போயின. தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால் பத்து நிமிடங்களில் தடுத்திருக்கக்கூடிய ஒரு தவறால் இவ்வளவும் போனது என்பதே பணத்தை விட அதிகமாக இன்றும் உறுத்துகிறது. அன்று யாராவது என்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிற விஷயங்களை, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் கட்டுரைகளைத் தேடி வந்து படிப்பவர்கள் குறைந்துகொண்டே வந்த நேரம் அது. எங்களை அணுகிய ஒரு தயாரிப்பு நிறுவனம் ஒலியின் வளர்ச்சியைப் பற்றி அருமையான விளக்கம் ஒன்றைத் தந்தது. பாட்காஸ்ட் என்ற சொல்லே 2004-இல்தான் பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் தி கார்டியன் நாளிதழில் எழுதிய கட்டுரையில் பிறந்தது என்றும், 2005 ஜூன் மாதம் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் இசைச் செயலியில் பாட்காஸ்ட்டுகளைச் சேர்த்த பின் அது பரவியது என்றும், 2014-இல் சீரியல் என்ற நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வந்த, மின்னஞ்சல் வழிச் சந்தைப்படுத்தும் சேவையான மெயில்சிம்பின் விளம்பரம் அந்த நிறுவனத்தின் பெயரைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது என்றும், 2016-இல் ஆப்பிளின் கம்பியில்லாக் காதொலிப்பான்களான ஏர்பாட்ஸ் வந்த பின் மக்கள் காதிலிருந்து கருவியைக் கழற்றுவதே இல்லை என்றும், 2019-இல் இசைச் செயலி நிறுவனமான ஸ்பாட்டிஃபை, பாட்காஸ்ட் நிறுவனங்களான கிம்லெட்டையும் ஆங்கரையும் வாங்கியதே இத்துறையின் எதிர்காலத்திற்குச் சான்று என்றும் அடுக்கினார்கள். இவற்றில் எதுவும் பொய் இல்லை. ஆனால், எங்கள் வாடிக்கையாளர் எந்த நேரத்தில், எந்த வேலையைச் செய்துகொண்டு, எதற்காக எங்கள் பேச்சைக் கேட்பார் என்ற கேள்விக்கு அதில் ஒரு வரி கூடப் பதில் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

பின்னால் தேடிப் படித்தபோது என்னை யோசிக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. 1922 ஆகஸ்ட் மாதம் நியூயார்க்கின் டபிள்யூஇஏஎஃப் வானொலியில் ஒலித்த, கட்டணம் பெற்று ஒலிபரப்பப்பட்ட முதல் விளம்பரம் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது, பாட்டோ கோஷமோ அல்ல. வீட்டு மனை நிறுவனம் ஒன்றின் சார்பில் ஒருவர் சுமார் பத்து நிமிடங்கள் பேசிய பேச்சு. ஒருவருடைய குரலுக்குப் பத்து நிமிடம் காது கொடுக்க ஒருவர் சம்மதிப்பதுதான் ஒலியின் விலைமதிப்பு. இணையப் பக்கத்தில் வரும் பதாகை விளம்பரத்தை ஒருவர் ஒரு விநாடி பார்த்தாலே நாங்கள் மகிழ்ந்து கணக்கெழுதுகிறோம். பாத்திரம் கழுவிக்கொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ கேட்பவர், கை ஓயாமல் இருப்பதாலேயே, நம்மைச் சட்டென்று தள்ளிவிடாமல் தொடர்ந்து கேட்கிறார். அந்தப் பொறுமையை நாங்கள் எப்படி வீணடித்தோம் என்பதுதான் இனி வரும் கதை.

முதல் தவறு மைக்கில் தொடங்கியது. விலை உயர்ந்ததே சிறந்தது என்று நம்பி, ஸ்டுடியோக்களில் பயன்படுத்தும் கண்டென்சர் மைக்குகள் இரண்டை வாங்கினேன். அவை நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் திறன் கொண்டவை. அதனாலேயே, கண்ணாடிச் சுவர்கள் கொண்ட எங்கள் கூட்ட அறையின் எதிரொலியையும், குளிரூட்டியின் இரைச்சலையும், தாழ்வாரத்தில் நடப்பவரின் காலடியையும் சேர்த்தே பிடித்தன. முதல் நான்கு ஒலிப்பதிவுகளும் குகைக்குள் பேசியது போல இருந்தன. எதிரொலியைப் பின்னால் முழுமையாக நீக்கிவிட முடியாது என்பதை ஒலித்தொகுப்பாளர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். நான்கையும் தூக்கிப் போட்டோம். பிறகு, வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பேசக்கூடிய சாதாரண டைனமிக் மைக் ஒன்றை வாங்கி, துணிகள் தொங்கும் அலமாரியும் தரைவிரிப்பும் உள்ள ஒரு சிறிய அறையில் அமர்ந்து பேசினேன். முன்பு செலவழித்ததில் ஐந்தில் ஒரு பங்கில் வேலை முடிந்தது. தொடங்குபவர் எவரும் முதலில் பணத்தை அறையில் போடட்டும், அதாவது ஒலியை உறிஞ்சும் துணியிலும் மெத்தையிலும். மைக்கைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஒரு விருந்தினரிடம் பட்ட அவமானம். துறையில் மதிப்புள்ள மூத்த தணிக்கையாளர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கித் தந்திருந்தார். இணையவழிக் கூட்டச் செயலியில் பேசி, அதிலேயே பதிவு செய்தோம். கேட்டுப் பார்த்தபோது, இணைப்பு தடுமாறிய இடங்களில் எல்லாம் அவருடைய குரல் துண்டு துண்டாக உடைந்திருந்தது. போதாக்குறைக்கு, இருவர் குரலும் ஒரே தடத்தில் கலந்திருந்ததால், நான் இருமிய இடத்தில் அவர் சொன்ன முக்கியமான வாக்கியத்தையும் காப்பாற்ற முடியவில்லை. மறுபடி பேச முடியுமா என்று அவரிடம் கேட்ட அந்தத் தொலைபேசி அழைப்பை நினைத்தால் இன்றும் முகம் சுருங்குகிறது. "முதல் தடவை மனத்திலிருந்து வந்தது, இரண்டாம் தடவை வாயிலிருந்துதான் வரும், பரவாயில்லையா?" என்று கேட்டார். அப்படியேதான் ஆனது. ஒவ்வொருவர் குரலும் அவரவர் கருவியிலேயே தனித்தனித் தடமாகப் பதிவாகி, பின்னர் பதிவேறும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கென்றே சேவைகளும் இருக்கின்றன. அது முடியாவிட்டால், விருந்தினரைத் தன் கைப்பேசியின் பதிவுச் செயலியை இயக்கி மேசைமேல் வைத்துக்கொள்ளச் சொன்னாலே போதும். தொடங்கும் முன் ஒரு நிமிடம் பதிவு செய்து, திரும்பக் கேட்டுவிட்டுத்தான் நான் இப்போது முதல் கேள்வியைக் கேட்கிறேன்.

இசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரபலமான பாட்டில் சில விநாடிகள் பயன்படுத்தினால் உரிமை தேவையில்லை என்று பலரும் சொல்வார்கள். அப்படிப் பொதுவான விலக்கு எதுவும் இல்லை. நாங்கள் பாட்டை எடுக்கவில்லை, உரிமம் பெற்ற இசைத் துணுக்கைத்தான் வாங்கினோம். ஆனால் அந்த உரிமம் காணொளிக்கு மட்டுமானது, பாட்காஸ்ட்டுக்கு அல்ல என்பதை ஒன்பது எபிசோடுகள் வெளியான பிறகே படித்தோம். ஒன்பதையும் திறந்து மறுபடி தொகுத்தோம். உரிமத்தாளில் எந்த ஊடகம், எவ்வளவு காலம் என்ற இரண்டு வரிகளை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

2023 கோடையில் எண்ணிக்கை ஏறியது. எபிசோடு ஒன்றுக்கு 1,800 பதிவிறக்கங்கள் என்று மாத அறிக்கை வந்தபோது, எங்கள் நிறுவனர் அதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். நானும் பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். அக்டோபர் கடைசியில் அதே அறிக்கை 1,050 என்றது. நாங்கள் எதையும் மாற்றவில்லை. நிறுவனர் என்னிடம், "ஏன் இவ்வளவு பேர் விட்டுப் போய்விட்டார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதை விட மோசம், எனக்குத் தெரியவில்லை என்பதையும் சொல்லாமல் பருவகாலத் தொய்வு என்று ஏதோ உளறி வைத்தேன். உண்மைக் காரணம் சில வாரங்கள் கழித்துத்தான் விளங்கியது. அந்தச் செப்டம்பரில் வந்த, ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17-இல் ஆப்பிள் தன் பாட்காஸ்ட் செயலியின் தானியங்கிப் பதிவிறக்க முறையை மாற்றியிருந்தது. அதற்கு முன், நீண்ட நாள் கேட்காமல் இருந்த ஒருவர் திரும்பி வந்தால், இடையில் விட்டுப்போன எபிசோடுகள் எல்லாம் தாமாகவே கைப்பேசியில் இறங்கிவிடும். புதிய முறையில் அப்படி இறங்குவதில்லை. எங்களைப் போலவே பெரிய நிகழ்ச்சிகள் பலவற்றின் எண்ணிக்கையும் அப்போது சரிந்தது. ஆக, எங்களை யாரும் விட்டுப் போகவில்லை. அந்த எழுநூற்றைம்பதில் பெரும்பகுதி முதலிலிருந்தே மனிதக் காதுகளாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பதிவிறக்கம் என்ற சொல்லின் பொருளை அன்றுதான் சரியாகப் படித்தேன். இத்துறையில் பெரும்பாலோர் பின்பற்றும், இணைய விளம்பரத் துறையின் அமைப்பான ஐஏபி-யின் அளவீட்டு நெறிமுறைப்படி, ஒரு நிமிட ஒலிக்குச் சமமான தரவாவது இறங்கியிருந்தால்தான் அது ஒரு பதிவிறக்கம். 24 மணி நேரத்திற்குள் அதே கருவி அதே எபிசோட்டை மறுபடி கேட்டு வாங்கினாலும் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். போலிகளையும் மிகைகளையும் வடிகட்டுவதற்கு இது நல்ல விதிதான். ஆயினும் அது சர்வரிலிருந்து கோப்பு வெளியே போனதைத்தான் எண்ணுகிறதே தவிர, அதை யாராவது கேட்டார்களா என்று அதற்குத் தெரியாது. யார் எவ்வளவு நேரம் கேட்டார், எந்த நிமிடத்தில் விலகினார் என்பதை ஆப்பிளும் ஸ்பாட்டிஃபையும் தத்தம் செயலிக்குள் நடப்பதை வைத்து நிகழ்ச்சி உரிமையாளருக்குத் தனியாகக் காட்டுகின்றன. அந்த வரைபடம் வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனத்திடம் மூன்று முறை கேட்ட பிறகு திரையைப் படம்பிடித்து அனுப்பினார்கள். தொடங்கிய 100 பேரில் 58 பேர் மட்டுமே மூன்றாவது நிமிடத்தில் இருந்தார்கள். அந்த மூன்று நிமிடங்களில் என்ன இருந்தது என்று நானே கேட்டுப் பார்த்தேன்: நாற்பது விநாடி இசை, எங்கள் நிறுவனத்தின் அருமை பெருமைகள், விருந்தினரின் பட்டங்களும் பதவிகளும், "வணக்கம் ஐயா, எப்படி இருக்கிறீர்கள்" என்ற நலம் விசாரிப்பு. விஷயம் நான்காவது நிமிடத்தில்தான் தொடங்கியது. மூன்றாவது நிமிடத்தைத் தாண்டியவர்களோ பெரும்பாலும் கடைசி வரை இருந்தார்கள். வாசலில் நிற்க வைத்தே ஏறத்தாழ பாதிப் பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இதைச் சரிசெய்து, விருந்தினரின் மிகச் சிறந்த ஒரு வாக்கியத்தோடு நேராகத் தொடங்கிய எபிசோடுகள் இரண்டுதான் வெளிவந்தன. அதற்குள் பெரிய இடி விழுந்தது.

2024 பிப்ரவரி தொடக்கத்தில், விற்பனைப் பிரிவுச் சகா ஒருவர், வாடிக்கையாளருக்கு அனுப்பிய இணைப்பு திறக்கவில்லை என்று சொன்னார். நான் திறந்து பார்த்தேன், திறக்கவில்லை. மாலைக்குள் எந்தச் செயலியிலும் எந்த எபிசோடும் ஒலிக்கவில்லை. தயாரிப்பு நிறுவனத்தை அழைத்தால் எடுப்பாரில்லை. இரண்டு நாள் கழித்து, அங்கு முன்பு பணிபுரிந்த ஒருவர் வழியாகச் செய்தி தெரிந்தது: அவர்கள் தொழிலையே நிறுத்திவிட்டார்கள், ஒலிக்கோப்புகளை இணையத்தில் வைத்திருப்பதற்கான ஹோஸ்டிங் கட்டணமும் செலுத்தப்படாமல் கணக்கு முடங்கிவிட்டது. அந்தக் கணக்கு அவர்கள் பெயரில் இருந்தது. நாங்கள் பணம் கட்டினோம், பேசினோம், விளம்பரம் செய்தோம்; வீட்டுப் பத்திரம் மட்டும் வேறொருவர் பெயரில் இருந்தது.

இது எப்படி ஒரு நிகழ்ச்சியையே அழிக்கும் என்று புரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனெனில் எனக்கும் அன்று வரை புரிந்திருக்கவில்லை. பாட்காஸ்ட் என்பது ஆப்பிளிடமோ ஸ்பாட்டிஃபையிடமோ நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் கோப்பு அல்ல. ஒலிக்கோப்புகள் நம் ஹோஸ்டிங் கணக்கில் இருக்கின்றன. அவற்றின் பட்டியலாக ஆர்எஸ்எஸ் ஃபீட் என்ற ஒரு சிறிய உரைக்கோப்பு ஓர் இணைய முகவரியில் இருக்கிறது. எல்லாச் செயலிகளும் அந்த ஒரே முகவரியை அவ்வப்போது வந்து பார்த்துத்தான் புதிய எபிசோடு உண்டா என்று அறிந்துகொள்கின்றன. கேட்பவர் நம்மைப் பின்தொடர்கிறார் என்றால், அவருடைய செயலி அந்த முகவரியைப் பின்தொடர்கிறது என்று பொருள். ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றுவது எளிது: பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தர வழிமாற்றம் வைத்தால் செயலிகள் அமைதியாகப் புதிய இடத்திற்கு வந்துவிடும், அந்த வழிமாற்றத்தைக் குறைந்தது நான்கு வாரங்கள் வைத்திருக்கச் சொல்கிறது ஆப்பிள். ஆனால் அதை வைக்கப் பழைய கணக்கு கையில் இருக்க வேண்டும். ஆப்பிளின் உரிமையாளர் பக்கத்தில் ஃபீட் முகவரியை நேரடியாகவே மாற்றலாம். அந்தப் பக்கத்தையும் அவர்கள் கணக்கிலேயே பதிந்திருந்தார்கள். ஸ்பாட்டிஃபையில் உரிமையை நிறுவ, ஃபீடுக்குள் எழுதியிருக்கும் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு வரும்; அந்த மின்னஞ்சலும் அவர்களுடையது. ஒவ்வொரு கதவிலும் போய்த் தட்டினேன், ஒவ்வொரு கதவிலும் அவர்கள் பூட்டு.

அதை விடக் கொடுமை, மூல ஒலிப்பதிவுகள் எங்களிடம் இல்லை. ஒப்புதலுக்காக மின்னஞ்சலில் வந்த சுருக்கப்பட்ட பிரதிகளாகப் பதினொன்று கிடைத்தன. மற்ற பதினொன்றும் போயின. அந்தத் தணிக்கையாளரின் எபிசோடும் அவற்றில் ஒன்று. அவரிடம் மூன்றாம் முறை கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆகவே, வெளியாரிடம் தயாரிப்பை ஒப்படைக்கும் எவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அன்றே செய்ய வேண்டியது இதுதான். ஹோஸ்டிங் கணக்கை உங்கள் நிறுவனத்தின் பொது மின்னஞ்சலில், உங்கள் பணத்தில், நீங்களே தொடங்கி, தயாரிப்பாளரை அதில் பணியாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனி ஊழியர் பெயரிலும் தொடங்க வேண்டாம், ஏனெனில் அவரும் ஒரு நாள் வேலை மாறுவார். ஃபீடுக்குள் இருக்கும் உரிமையாளர் மின்னஞ்சல் உங்களுடையதா என்று பாருங்கள். ஆப்பிள், ஸ்பாட்டிஃபை இரண்டிலும் உரிமையாளர் பக்கம் உங்கள் கணக்கில் இருக்கட்டும். முடிந்தால் ஃபீட் முகவரியே உங்கள் சொந்த இணையப் பெயரில் (டொமைன்) இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் இதற்கு இடம் தருகின்றன. ஒவ்வொரு எபிசோடும் வெளியான வாரத்திலேயே, தனித்தனித் தடங்களோடு மூலக்கோப்பை வாங்கி உங்கள் சேமிப்பில் வைத்த பிறகே பணம் கொடுங்கள். இவ்வளவுக்கும் ஆகும் நேரத்தைத்தான் முதலில் பத்து நிமிடம் என்று சொன்னேன். நிதானமாகச் செய்தால் அரை மணி ஆகலாம்.

நிகழ்ச்சி போன பிறகு மூன்று மாதங்கள் ஒலியின் பக்கமே நான் திரும்பவில்லை. அந்த இடைவெளியில்தான் எதிர்பாராத ஒன்று நடந்தது. சில நூறு பேர் மட்டுமே கேட்கும் ஒரு சிறிய வணிக பாட்காஸ்ட்டில் விருந்தினராக வரும்படி என்னை அழைத்தார்கள். நாற்பது நிமிடங்கள், கடன் பாக்கியை வசூலிப்பதில் சிறு வணிகர்கள் செய்யும் பிழைகளைப் பற்றிப் பேசினேன். எங்கள் மென்பொருளின் பெயரை ஒரே ஒரு முறை, தொகுப்பாளர் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னேன். அடுத்த இரண்டு வாரங்களில் ஒன்பது பேர் அந்த உரையாடலைக் குறிப்பிட்டு எங்களைத் தொடர்புகொண்டார்கள். எங்கள் 22 எபிசோடுகளால் வந்ததாக நான் உறுதியாகச் சொல்லக்கூடிய விசாரணைகள் மொத்தம் ஆறு. அந்தத் தொகுப்பாளரின் குரலைப் பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகியவர்கள் அவர் மேல் வைத்த நம்பிக்கையில் ஒரு பங்கை எனக்கும் தந்தார்கள் என்று நினைக்கிறேன். தொகுப்பாளரே தன் வாயால் சொல்லும் விளம்பரத்தை, முன்பே தயாரித்துச் செருகும் விளம்பரத்தை விட மேலாகச் சந்தைப்படுத்துபவர்கள் மதிப்பதும் இதனால்தான். சொந்த நிகழ்ச்சி தொடங்கும் ஆசை வந்தால், முதல் ஆறு மாதங்களைப் பிறர் நிகழ்ச்சிகளில் விருந்தினராகவோ சிறு விளம்பரதாரராகவோ கழித்துப் பாருங்கள். உங்கள் விஷயத்தைக் காதால் கேட்க ஆள் உண்டா என்பது குறைந்த செலவில் தெரிந்துவிடும்.

எத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பதை நான் எப்படி எண்ணினேன் என்று கேட்பீர்கள். ஒலியில் சொடுக்குவதற்கு இணைப்பு இல்லை. கேட்பவர் நடந்துகொண்டிருக்கிறார், மூன்று நாள் கழித்து நினைவு வந்து தேடி வருகிறார், கணினியில் அது சாதாரணத் தேடலாகப் பதிவாகிறது. நிகழ்ச்சிக்கென்று தனித் தள்ளுபடிக் குறிச்சொல்லும் எளிதில் நினைவிருக்கும் குறு முகவரியும் ஓரளவு உதவுகின்றன. ஆனால் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது, பதிவுப் படிவத்தில் "எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?" என்று வைத்த ஒரு வெற்றுக் கட்டம். தெரிவுகளைப் பட்டியலிடாமல், அவர்களே எழுதும்படி விட்டோம். "வண்டியில் வரும்போது கேட்டேன்" என்று ஒருவர் எழுதியிருந்ததை எந்த அளவீட்டுக் கருவியும் எனக்குச் சொல்லியிருக்காது. இந்தக் கட்டத்தை நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே வைத்திருந்தால், அந்த ஆறு என்ற எண் ஒருவேளை கூடுதலாக இருந்திருக்கும். எட்டாவது மாதத்தில்தான் வைத்தேன்.

2024 பிற்பகுதியில் மறுபடி தொடங்கினோம், எங்கள் சொந்தக் கணக்கில். வாரம் ஒன்று என்ற சபதம் இல்லை. எட்டு எபிசோடுகள் கொண்ட ஒரே தொடர், ஒவ்வொன்றும் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடங்கள். தலைப்புகளை நான் யோசிக்கவில்லை. விற்பனைப் பிரிவினருக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் எட்டுக் கேள்விகளை எடுத்தோம். ஒவ்வொன்றின் எழுத்து வடிவத்தையும் தளத்தில் வைத்தோம், ஏனெனில் தேடல் பொறிக்கும் கேட்க இயலாதவருக்கும் எழுத்துதான் வழி. பதிவிறக்க எண்ணிக்கை பழையதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. நிறுவனரிடம் இந்த முறை அந்த எண்ணை நான் முதலில் காட்டவில்லை. தொடங்கியவர்களில் 81 விழுக்காட்டினர் கடைசி வரை கேட்கிறார்கள் என்பதையும், விற்பனைப் பிரிவினர் விலை பேசும் முன்பே மூன்றாவது எபிசோட்டை அனுப்பி வைக்கிறார்கள் என்பதையும் காட்டினேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒன்பதாவது கேள்வி எது என்று கேட்டார்.

சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஒரு சிறிய அச்சகம் நடத்துகிறவர். எங்கள் பழைய நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேட்டு வந்தாராம், திடீரென்று நின்றதும் நாங்கள் நிறுவனத்தையே மூடிவிட்டோம் என்று எண்ணி வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டாராம். தற்செயலாக எங்கள் பெயரைப் பார்த்ததால் எழுதுகிறேன் என்றார். அவருடைய கைப்பேசியில் அந்தப் பழைய ஃபீட் இன்னும் பின்தொடரும் பட்டியலிலேயே இருக்கிறதாம், ஒன்றும் ஒலிக்காமல். புதிய முகவரியை அவருக்கு அனுப்பி, பழையதை எப்படி நீக்குவது என்றும் எழுதினேன்.